நாற்பத்தொரு அம்புகள்

சுந்தரியைக் கூட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போவது போன்ற தலைவலி வேறு கிடையாது. எல்லோரும் பெண்ணைப் பார்ப்பார்கள், மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள், பந்தி எப்போது போடுவார்கள் என்று பார்ப்பார்கள். என் மனைவி மட்டும் மாப்பிள்ளையின் ஷூவைப் பார்ப்பாள். போன தை மாதம் என் சித்தப்பா மகன் கல்யாணம். சர்ச் வாசலில் எல்லோரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து, இடது ஷூவில் இரண்டு தையல் விட்டுப்போயிருக்கிறது என்று என் காதில் சொல்கிறாள். நான் பேசாமல் நின்றிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா, சிரித்துவிட்டேன். அந்தப் போட்டோவில் அத்தனை பேரும் லட்சணமாக நிற்க, நான் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவளையும் குறை சொல்ல முடியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினேழு வருஷமாக அவள் செக்கர். வெட்டி, தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு முடிந்த ஷூ பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவள் மேஜைக்கு வரும். இடதையும் வலதையும் சேர்த்தேதான் எடுக்க வேண்டும். ஒற்றை ஷூவைப் பார்த்து ஒரு முடிவு சொல்லக் கூடாது. வெளிச்சத்தில் திருப்பி, விரலால் தடவி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பாள். எங்கே குறை இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி, நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். அம்பு இருந்தால் ரிப்பேருக்குப் போகும். இல்லையென்றால் பேக்கிங், அப்புறம் கப்பல். அவளுக்கு எதிரே உட்கார்ந்து வேலை செய்யும் மஹ்பூபி ஒருமுறை என்னிடம், "உங்க வூட்டம்மா வர்றத பாத்தா சூப்பர்வைசரே காலை உள்ள இழுத்துக்கறாருண்ணா" என்று சொல்லிச் சிரித்தாள்.

என் பெயர் அந்தோணி. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறேன். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போகும். வந்துபோகிற அந்த இடைவெளியில் நான் பேசுவதுதான் பிரச்சினை. அதைப் பிறகு சொல்கிறேன். எங்கள் வீட்டில் துணி துவைப்பது நான். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் விரல்கள் மடங்காது, அதனால் நானே எடுத்துக்கொண்ட வேலை அது. அவளுடைய நீலக் கோட்டின் பையைத் துழாவாமல் வாளியில் போடக் கூடாது. தீர்ந்துபோன ஸ்டிக்கர் ரோலின் வால் துண்டுகள் அதில் கிடக்கும், ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து அம்புகள் மிச்சம் இருக்கும். கம்பெனியில் தூக்கிப் போடுவதை இவள் எடுத்து வருவாள். வீட்டில் ஒரு டப்பா நிறைய அம்பு. ஒழுகும் குழாயில் ஒரு அம்பு நிற்கும். தாழ்ப்பாள் சரியாக விழாத பீரோவில் ஒன்று. நான் அதைச் சரிசெய்த பிறகு அவளே வந்து உரித்துவிடுவாள். வாய்விட்டுச் சொல்வது கிடையாது.

நல்லா இருக்கு என்று அவள் சொல்லி நான் கேட்டதும் கிடையாது. கல்யாணமான புதிதில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் போய் நின்றேன். "ம்" என்றாள். குழம்பு நான் வைத்தாலும் "ம்". ஒருநாள் கோபம் வந்து, கம்பெனியிலாவது நல்ல ஷூவைப் பார்த்தால் ஏதாவது சொல்வாயா என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நல்லதுக்கு இன்னா சொல்றது? அது போய்டும். குறை இருக்கறதுதான் என்கிட்ட நிக்கும்" என்றாள்.

அப்போது அது எனக்கு வெறும் பேச்சாகப் பட்டது.

எங்களுக்கு ஒரே பெண், ஜீவா. பேச்சு வருவதற்கு முன்பே சுவரில் கிறுக்க ஆரம்பித்தவள். பள்ளிக்கூடத்தில் படித்தது காமர்ஸ், நோட்டு முழுக்க இருந்தது ஆட்டோவும் ஆடும். பிளஸ் டூ முடித்ததும், சென்னையில் ஒரு ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்றாள். என் அண்ணன் வீட்டில் பி.காம். என்றார்கள், மச்சான் வீட்டில் நர்சிங் என்றார்கள். சுந்தரி ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கம்பெனியிலிருந்து வரும்போது இரண்டு பெரிய அட்டைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். படம் மடங்காமல் நடுவில் வைத்துக்கொள்ள.

அந்தக் கல்லூரிக்கு ஒரு ஃபைல் தயார்செய்து கொண்டுபோக வேண்டும். பிள்ளை தானே நேரில் பார்த்து வரைந்த படங்கள், பதினைந்து. ஒன்று குறைந்தாலும் நேர்காணலுக்கு விடமாட்டார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு நேரில் போய்க் கொடுக்க வேண்டும். அன்றைக்கே நேர்காணல், அன்றைக்கே வரைந்து காட்டும் தேர்வு. அந்த நாளை விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷத்துக்குள் பெரியப்பா ஜீவாவை பி.காமில் சேர்த்து முடித்திருப்பார்.

மூன்று மாதம் வரைந்தாள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நீலக் கோட்டோடு நிற்கும் பெண்கள், பாலாற்று மணலில் படுத்திருக்கும் ஆடுகள், எங்கள் ஆட்டோ ஸ்டாண்டு, அம்மாவின் இரண்டு கைகள். வரைந்ததை என்னிடம் காட்டுவாள். நான் சூப்பர் என்பேன். எனக்கு நிஜமாகவே சூப்பராகத்தான் இருந்தது, நான் என்ன செய்ய. "உனக்கு எல்லாமே சூப்பர்தாம்ப்பா" என்று சலித்துக்கொண்டு அம்மாவிடம் எடுத்துப் போவாள். அங்கே, அடுப்படியிலிருந்தே ஒரு பார்வை, ஒரு "ம்". பிள்ளையின் முகம் விழுந்துபோகும். ஒருநாள் ஆட்டோவில் வரும்போது, தான் சென்னைக்குப் போவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை போல என்று என்னிடம் சொன்னாள். அதெல்லாம் இல்லை என்று சொன்னேன், ஆனால் அந்தப் பேச்சு என் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை ஜீவா நல்ல ஃபைல் ஒன்று வாங்க வேலூருக்குக் கிளம்பினாள். பதினைந்து படங்களையும் எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, அம்மாவிடம், "ம்மா, ஒரு தடவ பாத்துரு. தப்பு எதுனா இருந்தா சொல்லு" என்று கேட்டுவிட்டுப் போனாள். சுந்தரி அன்றைக்கு லீவு போட்டிருந்தாள். காய்ச்சலுக்கே லீவு போடாதவள்.

மத்தியானம் சாப்பிட வந்தேன். ஜன்னலுக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, கையைக் கழுவித் துடைத்து ஒரு துண்டைப் பக்கத்தில் வைத்திருந்தாள். இரண்டு இரண்டு படமாக எடுத்து, இடது கையில் ஒன்று வலது கையில் ஒன்று, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறாள். அப்புறம் கீழே வைத்து டப்பாவிலிருந்து ஒரு அம்பை எடுத்து ஒட்டுகிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பதினேழு வருஷமாகக் குழாயிலும் பீரோவிலும் அம்பைப் பார்த்தவன். சோற்றுக் கையோடு எட்டி நின்று, அந்த ஆட்டுக்கு வால் கொஞ்சம் நீளம், அங்கேயும் ஒன்று ஒட்டு என்று வேறு சொன்னேன். அது குறை இல்லை, சோற்றைப் பாருங்கள் என்று என்னைத் துரத்திவிட்டாள்.

ஆறு மணிக்கு ஜீவா வந்தாள். கறுப்பு ஃபைல், உள்ளே கண்ணாடி உறை, பார்க்க வக்கீல் ஃபைல் மாதிரி இருந்தது. சந்தோஷமாகப் படங்களை எடுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொன்றாகத் திருப்பி எண்ணினாள். நாற்பத்தொரு அம்புகள்.

"இன்னாம்மா இது?"

"நீதானே பாக்கச் சொன்னே" என்றாள் சுந்தரி. அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. ஒருநாள் முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது.

இதற்கு எதற்கு முகத்தைத் தூக்குகிறாய், உரித்தால் வந்துவிடும் என்று நான்தான் குறுக்கே விழுந்தேன். மேலே இருந்த ஆட்டோ ஸ்டாண்டு படத்தை எடுத்து, ஒரு அம்பை நகத்தால் நெம்பி இழுத்தேன். தோலில் ஒட்டினால் அம்பு அழகாக உரிந்து வரும். இரும்பில் வரும், மரத்தில் வரும். காகிதத்தில் ஒட்டி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அம்போடு காகிதத்தின் மேல்தோலும் வந்தது. என் ஆட்டோவின் முன்சக்கரம் ஸ்டிக்கரின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜீவா என் கையிலிருந்து அந்தப் படத்தை வாங்கிப் பாயில் வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். கிழித்தது நான். ஆனால் என்னை நானே திட்டிக்கொள்ள முடியாதே, அதனால் சுந்தரியைத் திட்டினேன். கண்டபடி பேசினேன். கடைசியில், மண்டைக்குள் உட்கார்ந்திருந்ததும் வெளியே வந்துவிட்டது.

"பொண்ணு போகக்கூடாதுன்னுதானே ஒட்டினே? குறை இருக்கறதுதானே உன்கிட்ட நிக்கும்!"

சுந்தரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த டப்பாவை மூடிப் பீரோ மேல் வைத்துவிட்டு உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள். கோபம் போய்விட்டது எனக்கு. சொன்னது போகவில்லை. அன்றைக்கு அந்தத் தோசையை யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன், வெட்கமாக இருந்தது, தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எழுந்தபோது ஜீவா தரையில் பதினைந்து படங்களையும் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டாள். சுந்தரி கதவோரமாகவே நின்றாள், உள்ளே வரத் தயங்கினாள். என் வீட்டில் அவள் தயங்கி நின்று நான் பார்த்த ஒரே நாள் அதுதான், அதற்குக் காரணம் நான்.

ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, இந்த அம்பு எதற்கு என்று ஜீவா கேட்டாள். பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களில் ஒருத்தியின் கண்ணருகே இருந்தது.

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்குது" என்றாள் சுந்தரி தயக்கத்தோடு. "ஷூதான் ஜோடி ஒண்ணா இருக்கணும். மனுஷனுக்கு காலே ரெண்டும் ஒரு சைஸ் கிடையாது. இது நீ பாத்துப் போட்ட கண்ணு இல்ல."

அந்தக் கண்ணை ஜீவா போனில் வீடியோ பார்த்துப் போட்டாளாம். அடுத்த படத்தை எடுத்தாள். ஆட்டோவின் முன்சக்கரம் ரோட்டில் நிற்கவில்லை, மிதந்தது என்றாள் அம்மா. அடுத்தது, வெயில் ஒரு பக்கம், நிழல் வேறு பக்கம். அடுத்தது, டிபன் தூக்கைப் பிடித்திருக்கும் கையில் கனமே தெரியவில்லை, காலித் தூக்கு போல இருக்கிறது. நாற்பத்தொரு அம்புக்கும் அவளிடம் பதில் இருந்தது. எங்கெல்லாம் பிள்ளை பார்க்காமல் சோம்பலாக வரைந்திருந்தாளோ அங்கெல்லாம் ஒன்று. நான் மூன்று மாதமாகச் சூப்பர் என்று சொல்லிக்கொண்டிருந்த அத்தனை படத்திலும் இவ்வளவு இருந்திருக்கிறது. பாதியில் அம்மாவும் பெண்ணும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் டீ போட்டுக்கொண்டு போய் வைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவின் கைகளை வரைந்த படம் வந்தபோது மட்டும் ஜீவா எதுவும் கேட்கவில்லை. அதில் ஒரே ஒரு அம்பு, இடது கைச் சுண்டுவிரலைக் காட்டி நின்றது. அந்த விரல் வளைந்திருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் மெஷினில் மாட்டியது. படத்திலும் வளைந்துதான் இருந்தது. ஜீவா அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், கீழே வைத்துவிட்டாள்.

சர்ச்சுக்குப் போகவில்லை. ஒரு நாளில் பதினைந்தையும் திரும்ப வரைய முடியாது. மோசமாக இருந்த ஆறு படங்களைப் புதிதாக வரைவது, மற்ற ஒன்பதை அம்போடு அப்படியே கொண்டுபோவது என்று ஜீவா முடிவு செய்தாள். அம்பைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அனுப்பினால் அனுப்பட்டும் என்றாள். மத்தியான வெயிலில் ஸ்டாண்டுக்கு வந்து, என் ஆட்டோவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து முன்சக்கரத்தைத் தரையில் நிற்க வைத்தாள். பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். பக்கத்து வீட்டம்மாவின் கையில் நிறைந்த தூக்கைக் கொடுத்து நிற்கவைத்தாள். வெளிச்சம் போவதற்குள் ஆறும் முடிந்தது.

முடிந்த படங்களைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினாள். சுந்தரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நான் பார்க்க மாட்டேன், பார்த்ததே போதும் என்றாள். அது எனக்கான பதில் என்று எனக்குத் தெரிந்தது.

"பாரும்மா. நீ பாக்காம நான் எடுத்துனு போக மாட்டேன்" என்றாள் ஜீவா.

அப்புறம்தான் சுந்தரி கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி, இரண்டு இரண்டாக, ஆறையும் பார்த்தாள். பீரோ மேல் இருந்த டப்பாவை எடுக்கவில்லை. கடைசிப் படத்தைக் கீழே வைத்து, "ம்" என்றாள். ஜீவா சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். மூன்று மாதமாக அந்த ஒற்றை எழுத்துக்கு முகம் வாடிய பிள்ளைக்கு, அதற்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. என் புதுச் சட்டைக்குக்கூட நல்ல மார்க்தான் கிடைத்திருக்கிறது.

திங்கட்கிழமை விடியற்கால ரயில். ஃபைலைச் சுந்தரி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கல்லூரியில் பெற்றோரை வெளியே மரத்தடியில் உட்காரவைத்தார்கள். பதினொரு மணிக்கு உள்ளே போன பிள்ளை நான்கு மணிக்கு வந்தாள். சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அரக்கோணம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்களாம். கண்ணாடி போட்ட ஒரு அம்மா ஃபைலைத் திறந்து, இந்த அம்பெல்லாம் யார் ஒட்டியது என்று கேட்டிருக்கிறார்கள். எங்கம்மா, ஷூ கம்பெனியில் செக்கர் என்று ஜீவா சொல்லியிருக்கிறாள். அவர்கள் மூவரும் ஒவ்வொரு படமாக எடுத்து, அம்பு இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்களாம். உங்கம்மா சொன்னதை நீ ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்களாம்.

"நீ இன்னா சொன்னே?" என்று நான் அவசரப்பட்டேன்.

"ஒம்போது படத்துல இருபத்திமூணு அம்பு இருக்குது மேடம், இருபத்திரெண்டு சரின்னு சொன்னேன். ஒண்ணுதான் தப்புன்னேன்."

சுந்தரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பதினேழு வருஷத்தில் அவள் ஒட்டிய அம்பைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. எது தப்பு என்று கேட்டாள்.

ஜீவா அம்மாவின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரலைத் தொட்டாள்.

"இது. இது குறை இல்லம்மா. இது அப்படித்தான் இருக்குது. நான் பாத்துதான் போட்டேன்."

சுந்தரி தன் விரலைப் பார்த்தாள். வெளிச்சத்தில் திருப்பியும் பார்த்தாள். வலது கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டாள், ஜோடியாக. ரொம்ப நேரம் கழித்து, அப்படியென்றால் அதை எடுத்துவிடு என்றாள். எடுத்தால் விரல் போய்விடும், இருக்கட்டும் என்றாள் ஜீவா. அப்பாவைக் கிட்டே விடாதே என்றும் சேர்த்துச் சொன்னாள். எனக்கு அது வேண்டியதுதான். அந்த ரயிலில்தான் சுந்தரியிடம் சனிக்கிழமை பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். ஜீவாவுக்கு முன்னாலேயே கேட்டேன். நீங்கள் பேசுவதை எல்லாம் நான் செக் பண்ணுவதில்லை என்றாள்.

ஒன்பதாம் நாள் லிஸ்ட் வந்தது. ஜீவாவுக்கு இடம் கிடைத்திருந்தது. அன்றைக்குத் தேர்வில் வரைந்த படம் நன்றாக வந்தது, அதனால்தான் என்கிறாள் அவள். அம்புதான் காரணம் என்று நான் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். சுந்தரியைக் கேட்டால் ஒன்றும் சொல்வதில்லை.

ஜூலையில் ஹாஸ்டலுக்குக் கிளம்பிய காலை. பெட்டி வாசலில் இருந்தது. நான் ஆட்டோவைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தேன். ஜன்னல் பக்கத்தில் ஜீவாவை நிற்கவைத்து, இரண்டு தோளையும் பிடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தாள் சுந்தரி. துப்பட்டாவை இழுத்துவிட்டாள். காதோர முடியை ஒதுக்கினாள். கன்னத்தை அந்த வளைந்த விரலால் தடவினாள். பீரோ மேல் டப்பா இருந்தது. பிள்ளையும் அதைப் பார்த்தாள்.

"அம்பு எதுவும் இல்லியாம்மா?"

சுந்தரியின் வாய் கோணியது. நல்லதெல்லாம் தன் மேஜையைத் தாண்டிப் போவதைத்தான் பதினேழு வருஷமாகப் பார்த்துவருகிறாள். அத்தனை ஜோடியில் ஒன்றுக்காகவும் அவள் அழுதிருக்க மாட்டாள்.

"ம்" என்றாள். பிறகு, எனக்குத் தெரிந்து வாழ்க்கையிலேயே முதல்முறையாக, அதோடு நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் சொன்னாள்.

"ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கே. நீ கெளம்பு."